என் மாணவனிடம் நான் பேரம் பேசிய கதை



போன வாரம் நான் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் போன் செய்தீர்கள்! "டீச்சர், இந்த வயசுல சித்தாள் வேலைக்குப் போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். என் நாத்தனார் மகன், "பெரியம்மா, வீடு வித்துட்டீங்களா?" என்றான். இரண்டும் இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டட ஆய்வு நடந்தது. அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களும், சொந்தமாகத் தொழில் செய்யும் என் பிள்ளைகளும் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் கட்டடம் 1998-இல் கட்டியது. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் 24 வீடு. பாதி வீடுகள் 750 சதுர அடி, பாதி 1,050. நானும் சாரும் ஜி.பி.எஃப். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வாங்கிய வீடு. கணக்கு டீச்சர் என்பதால் ஓய்வு பெற்ற மறு வருடமே சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன நவம்பர் மழையில் ஒரு நாள் காலை, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மேல்தளத்திலிருந்து ஒரு காரை பெயர்ந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். ஒரு ஸ்கூட்டர் சீட் கிழிந்ததோடு போயிற்று. ஆனால் கால் மணி நேரத்துக்கு முன்னால் வாட்ச்மேனுடைய சின்னப் பெண் அதே இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தால், பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து, மரப்பட்டை மாதிரி உரிந்து தொங்கிற்று.

கொத்தனார் ஒருவர் வந்து பார்த்து, "எட்டாயிரம் குடுங்கம்மா, பூசி விட்டுர்றேன்" என்றார். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர், "இனிமே இதுல பணம் போடாதீங்க. இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிக்கலாம், பில்டர் தயாரா இருக்கார்" என்றார்கள். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 என்று புதுச் சட்டம் வந்து, 2024-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். எங்கள் 24-இல் அது 16 பேர். பன்னிரண்டு பேர் இடிக்கலாம் என்ற பக்கம் ஏற்கெனவே இருந்தார்கள். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இடிச்சா மூணு வருஷம் வாடகை வீட்டுல இருக்கணுமாமே டீச்சர். திரும்பி வர நான் இருப்பேனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கட்டடம் உண்மையில் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் இரண்டு பக்கமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஆகவே முதலில் ஒரு பொறியாளரை வைத்து முழுக் கட்டடத்தையும் ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று. மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டோம்.

முதலாவது, நீர்க்கசிவுக்கு ரசாயனம் பூசும் ஒரு நிறுவனம். "ஆய்வு இலவசம்" என்றார்கள். இரண்டாவது, ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம். ஒரு லட்சத்து எண்பதாயிரம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மூன்றாவது, என் பழைய மாணவன் ஒருவன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான், அதனால் சொல்லவில்லை. சிவில் படித்து, பெரிய கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கட்டட ஆய்வு மட்டும் செய்கிறான். அவன் கேட்டது 84,000 ரூபாய். அவனுடைய வருட வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது.

கூட்டத்தில் அவன் கடிதத்தைப் படித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "உங்க ஸ்டூடண்ட்தானே டீச்சர்? நீங்க சொன்னா கேக்காமலா இருப்பான்? அம்பதுக்குப் பேசி முடிங்க." எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அன்று ராத்திரியே போன் செய்தேன். "என்னப்பா, உங்க டீச்சர் வீடுன்னு கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எவ்வளவு டீச்சர்?" என்றான். "அம்பது." "சரிங்க டீச்சர்." அவ்வளவுதான். நான் குழுவில் உடனே செய்தி போட்டேன். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

மறுநாள் மாலை அவனிடமிருந்து திருத்திய கடிதம் வந்தது. கட்டணம் 50,000. அதற்குக் கீழே: பொது இடங்கள் முழுவதும் பார்க்கப்படும், 24 வீடுகளில் 6 வீடுகள் மட்டும் உள்ளே பார்க்கப்படும், சோதனைப் புள்ளிகள் பாதியாகும், "மீதி 18 வீடுகளின் உட்புறம் பார்க்கப்படவில்லை" என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதப்படும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, பிள்ளைகளே. கட்டணத்தைக் குறை என்றால் இவன் வேலையைக் குறைக்கிறான், என்னிடமே கறார் பேசுகிறான் என்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். காபி கொடுத்துவிட்டு, "எல்லா வீடும் ஒரே அச்சுதானே தம்பி. ஆறு வீடு பாத்தா போதும்னா அப்படியே எழுது. எதுக்கு முதல் பக்கத்துல போட்டு மானத்தை வாங்குற?" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், எங்க கிளாஸ்ல 42 பேர். பத்து நோட்டைத் திருத்திட்டு மீதி 32 நோட்டுக்கும் டிக் போட்டுருவீங்களா?"

நான் பேசவில்லை. ஏனென்றால் போட்டிருக்கிறேன். உங்களில் பலருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷன் என்று தகவல் வந்தால், முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து, பார்க்காமலே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிய நோட்டுகள் உண்டு. அதில் அவனுடைய நோட்டும் இருந்திருக்கலாம். அவன் தெரிந்து கேட்டானா, தெரியாமல் கேட்டானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

பிறகு அவனே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, 84,000 எப்படி வந்தது என்று எழுதிக் காட்டினான். முப்பது வருடம் முன்னால் நான் கரும்பலகையில் போட்டதை இப்போது அவன் எனக்குப் போட்டான்.

"டீச்சர், ஒருத்தர் வீடு வாங்கப் போறார், அந்த ஒரு வீட்டை மட்டும் பாக்கணும்னா நான் 6,000 வாங்குறேன். அதை 24-ஆல பெருக்குனா 1,44,000. அப்படிக் கேட்டா அது தப்பு. ஏன்னா ஒரு தடவைதான் வரேன், வரைபடம் ஒரு தடவைதான் பாக்கிறேன், மொட்டை மாடி ஒண்ணு, சம்ப் ஒண்ணு, அறிக்கை ஒண்ணு. அதே மாதிரி, 'ஒரே கட்டடம்தானே'ன்னு மொத்தமா ஒரு தொகையப் போட்டாலும் தப்பு. 24 வீட்டுலயும் 24 விதமாக் குடியிருக்காங்க. ஒருத்தர் செவுத்த எடுத்திருப்பார். ஒருத்தர் பாத்ரூம் டைல்ஸ் மாத்தும்போது குழாயை உடைச்சிருப்பார். கதவத் திறந்து உள்ள போகாம அது தெரியாது."

ஆகவே அவன் கட்டணத்தை ஐந்தாகப் பிரித்திருந்தான். பொது இடங்கள், தூண்கள், மொட்டை மாடி, மேல்நிலைத் தொட்டி, சம்ப், கழிவுநீர்க் குழாய்கள்: இரண்டு நாள், இரண்டு ஆள், 18,000. வீடுகளின் உட்புறம்: ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு வீடு, மூன்று நாள், வீட்டுக்கு 1,000 வீதம் 24,000. கருவிச் சோதனைகள்: இரண்டு நாள், 22,000. அறிக்கை எழுத நான்கு நாள், 16,000. முடிந்த பிறகு கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் புரியும்படி விளக்கிச் சொல்ல ஒரு நாள், 4,000.

நான் கூட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம். 84,000 சரியாக வந்தது. நாட்களையும் கூட்டினேன், பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு 7,000. அதில் உதவியாளர் சம்பளம், வண்டிப் பெட்ரோல், லட்சக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய கருவிக்குத் தவணை எல்லாம் போக வேண்டும். "மாசம் 25 நாளும் வேலை இருக்கும்னு வச்சுக் கணக்குப் போட்டா தப்பாயிரும் டீச்சர். அஞ்சு பேருக்குக் கொட்டேஷன் குடுத்தா ரெண்டு பேர்தான் கூப்பிடுவாங்க. அந்த மூணு பேரைப் போய்ப் பாத்துட்டு வந்த நாளும் இந்தக் கட்டணத்துலதான் இருக்கு" என்றான்.

அப்புறம் ஒன்று சொன்னான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சொந்தமாகத் தொடங்கிய முதல் வருடம், வேலை வேண்டுமே என்று 16 வீடு உள்ள ஒரு கட்டடத்தை 15,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டானாம். அந்தப் பணத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் செலவழிக்க முடியாது. ஓடி ஓடிப் பார்த்தான். மூன்று வீட்டில் ஆள் இல்லை, பூட்டியிருந்தது. மறுபடி போகவில்லை. எட்டு மாதம் கழித்து, பூட்டியிருந்த ஒரு வீட்டின் குளியலறைத் தளத்திலிருந்து கசிந்து கசிந்து, கீழ்வீட்டு அடுப்படியில் காரை பெயர்ந்து விழுந்து ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. "நான் குடுத்த ரிப்போர்ட்ல 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது'ன்னு இருக்கு டீச்சர். பூட்டியிருந்த வீட்டப் பாக்கலைன்னு ஒரு வரி எழுதியிருந்தாக்கூடப் போதும். எழுதல. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்." பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முழுக் கட்டடத்தையும் பார்த்துக் கொடுத்தானாம். அன்றிலிருந்து பணம் குறைந்தால் வேலை குறையும், குறைந்த வேலை முதல் பக்கத்தில் எழுதப்படும். யார் கேட்டாலும் அப்படித்தான்.

"உங்களுக்காக என் பங்க வேணா விட்டுர்றேன் டீச்சர். 84,000-க்கு உள்ள வேலைய அம்பதுக்கு செஞ்சு தரேன். ஆனா அப்போ எனக்கே தெரியாம கை ஓடிரும். அதுதான் பயமா இருக்கு" என்றான்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இட்லி மாவு எடுத்து வைப்பது போல ஒரு வேலை செய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்: "நான் பேசின அம்பதாயிரத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். 84,000 கொடுக்கலாம்." ஒரே கூச்சல். ஆறு வீடு பார்த்தால் போதாதா என்றார்கள். நான் என் கணக்கைச் சொன்னேன். ஏதோ ஒரு வீட்டுக்குள் மட்டும் பெரிய கோளாறு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-இல் 6 வீட்டை மட்டும் திறந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கில் மூன்று தடவை தப்பிவிடும். தப்பியதும் தெரியாமல் நாம் நிம்மதியாகத் தூங்குவோம். மிச்சமாகும் பணம் 34,000. வீட்டுக்குப் பார்த்தால் 1,417 ரூபாய். ஒரு தடவை குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும் செலவு.

இலவச ஆய்வைப் பற்றியும் பேச்சு வந்தது. ரசாயனம் விற்பவர் இலவசமாகப் பார்த்தால் என்ன கண்டுபிடிப்பார்? ரசாயனம் பூச வேண்டும் என்றுதான் கண்டுபிடிப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஒருவர், "ரிப்பேர் செலவுல இத்தனை சதவீதம்னு எஞ்சினியருக்குக் குடுக்கலாமே" என்றார். அதுவும் அதே கதைதான். செலவு கூடினால் அவர் வருமானம் கூடும்.

இதைவிட மோசமான பேச்சு ஒன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் காதில் விழுந்தது. கட்டடம் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பையனுக்குத் தனியாக ஏதாவது கவனிக்கலாம் என்று. நான் இதை அவனிடம் சொன்னபோது அவனுக்கு ஆச்சரியமே இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தான்: பாதிப் பணம் முன்பணம், மீதிப் பாதி, அறிக்கையைப் பிரித்துப் படிப்பதற்கு முன். படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று யாரும் நிறுத்தி வைக்க முடியாது. அறிக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவனுக்கு அதே 84,000.

கொடுப்பது என்று ஆன பிறகு எப்படிப் பிரிப்பது என்று அடுத்த சண்டை. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3,500. சதுர அடிக் கணக்கில் பிரித்தால் சின்ன வீட்டுக்கு 2,917, பெரிய வீட்டுக்கு 4,083. வித்தியாசம் 583 ரூபாய்! இதற்கு ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தினோம். கடைசியில் அவனுடைய தாளே வழி காட்டியது. வீட்டுக்குள் பார்ப்பதற்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம், ஆகவே அந்த 1,000 சமம். மீதி 60,000 பொதுச் சொத்துக்கானது, அது சதுர அடிக் கணக்கு. சின்ன வீட்டுக்கு 3,083, பெரிய வீட்டுக்கு 3,917. நான் எழுதிப் போட்டதும் எல்லாரும் அடங்கினார்கள். சில்லறை ரூபாய் எப்படி வந்தாலும் சரி, காரணம் தெரிந்தால் மனிதர்கள் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆய்வு ஏழு நாள் நடந்தது. நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூடவே அலைந்தேன். பிள்ளைகளே, இந்த வயதில் எனக்கு அது ஒரு புது வகுப்பு. சின்னச் சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போவான். திடமான இடத்தில் 'டங்' என்று கேட்கும், உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் 'டொப்' என்று கேட்கும். தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். தூணின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, ஒரு பக்கமிருந்து ஒலியலையை அனுப்பி, மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை அளந்தான். நல்ல கான்கிரீட்டில் ஒலி நொடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். எங்கள் தூண்களில் பெரும்பாலும் நாலை ஒட்டி வந்தது. ஒவ்வொரு எண்ணையும் அவன் சொல்லச் சொல்ல, பரீட்சை மார்க் கேட்பது போல நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள், காரை பெயர்ந்த இடத்தில் புதிதாகக் கொஞ்சம் உடைத்து, ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் மாதிரி ஒன்றைத் தெளித்தான். உள்பக்கம் பளிச்சென்று ரோஸ் நிறமானது. வெளிப்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு நிறம் மாறவே இல்லை. "என்னன்னு சொல்லுங்க டீச்சர்" என்றான். "பினாப்தலீன்!" என்று கத்திவிட்டேன். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம்தான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக் கணக்கில் உள்ளே போகப் போகக் காரம் குறைந்துபோகிறது. நிறம் மாறாத பகுதி கம்பி வரைக்கும் வந்துவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஈரம் பட்டால் துரு. துருப்பிடித்த இரும்பு பருத்துவிடும், இடம் போதாமல் மேலே உள்ள காரையைத் தள்ளிவிடும். அந்தத் தட்டுதான் ஸ்கூட்டரில் விழுந்தது. கொத்தனார் பூசியிருந்தால் உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

"நீங்க மஞ்சள் தடவின பேப்பர்ல சோப்புத் தண்ணி விட்டுக் காட்டினீங்களே, செவப்பா மாறிச்சே, அதான் இது" என்றான். அந்த மஞ்சளும் சோப்பும் நான் வீட்டிலிருந்து எடுத்துப்போனது. பள்ளியில் ஆய்வகம் கிடையாது. நான் மறந்தே போயிருந்தேன்.

ஐந்தாம் நாள்தான் அந்த வீடு வந்தது. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரு புகாரும் சொன்னதில்லை. ஆறு வீடு மட்டும் பார்ப்பது என்றால், கசிவு இருக்கும் மேல்மாடி வீடுகளைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம், இது வந்திருக்கவே வந்திருக்காது. அடுப்படியில் அலங்காரமாக ஒரு பொய்க்கூரை. அதில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு என்னை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னான். முன்பு இருந்த உரிமையாளர், புகைபோக்கிக் குழாயைக் கொண்டுபோக உத்தரத்தின் அடிப்பகுதியை வெட்டியிருக்கிறார். இரண்டு கம்பிகள் அறுந்து முனை தெரிந்தது. அந்த உத்தரத்துக்கு மேலே மூன்றாம் மாடி அடுப்படி. அடியில் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் சாப்பாட்டு நாற்காலி.

அன்று மாலைக்குள் இரும்பு முட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனான்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கட்டி முடிக்காத கட்டடம் அது. ஆனால் குடியிருக்கும் கட்டடங்களும் விழுகின்றன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த குடியிருப்பு ஒன்று இடிந்தது. எங்களுக்கும் 24 என்பதால் அந்த எண் மனதில் நின்றுவிட்டது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே வருடம் ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே 2018-லேயே ஒரு பொறியாளர் கான்கிரீட் கெட்டிருப்பதை எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவை யார் எப்படிக் கொடுப்பது என்று பேசிப் பேசியே வருடங்கள் போயின. 583 ரூபாய்க்கு நாங்கள் போட்ட ஒன்றரை மணி நேரச் சண்டையை நினைத்தால் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது.

அறிக்கை வந்துவிட்டது. கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை; பழுதுபார்த்தால் போதும். உடனே செய்ய வேண்டியவை, ஆறு மாதத்துக்குள், இரண்டு வருடத்துக்குள் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறான். இடிக்கலாம் என்றவர்களுக்கு இதில் திருப்தி இல்லை, வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் உரிமை. எண்பது வயது அம்மா மட்டும் அறிக்கையைப் படிக்காமலே பூஜை அறையில் வைத்திருக்கிறார்.

வீடு வாரியாக ஒரு பட்டியலும் இருந்தது. வரிசை எண் 17 என் வீடு. "முன்பக்கம் நீட்டிய பால்கனியில் மண் நிரப்பிய 22 பூந்தொட்டிகள், சுமார் 660 கிலோ, தொடர்ந்து ஈரம், அடித்தளத்தில் விரிசல் ஆரம்பம், உடனே அகற்ற வேண்டும்." ஏழு நாளும் என் வீட்டில்தான் அவனுக்கு மதியச் சாப்பாடு. என் செம்பருத்தியைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னான். ஆனாலும் எழுதிவிட்டான். படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் 84-ஐ 50 ஆக்கியிருந்தால் இந்த வரியும் இருந்திருக்காது, அந்த அறுந்த கம்பியும் பொய்க்கூரைக்குள்ளேயே இருந்திருக்கும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உங்களில் டாக்டராக இருப்பவன் என்னிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. மெக்கானிக்காக இருப்பவன் ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு, "போங்க டீச்சர்" என்று விரட்டிவிடுகிறான். அது நீங்களாகத் தருவது, கண்ணில் வைத்து ஒற்றிக்கொள்கிறேன். ஆனால் அன்று நான் செய்தது வேறு. 24 குடும்பங்களின் செலவைக் குறைக்க, அவனுக்கு என் மேல் இருக்கும் மரியாதையை எடுத்துத் தள்ளுபடிக் கூப்பனாக நீட்டினேன். அவனால் மறுக்க முடியாது என்று தெரிந்தே கேட்டேன். நேரிலேயே வருத்தம் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்றான். எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று இங்கேயும் சொல்கிறேன்.

அடுக்குமாடியில் இருக்கும் உறவுகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்தவை:

1. ஆய்வு செய்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இலவச ஆய்வு வேண்டவே வேண்டாம்.

2. மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை நாள், எத்தனை ஆள், எத்தனை வீடு உள்ளே போய்ப் பார்ப்பார், என்னென்ன சோதனை, கூட்டத்துக்கு வந்து விளக்குவாரா என்று எழுதி வாங்குங்கள். அதன் பிறகுதான் இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிட முடியும்.

3. எதைப் பார்க்கவில்லை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். பூட்டிய வீட்டுச் சாவிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

4. முடிவைப் பொறுத்துக் கட்டணம் மாறக் கூடாது. பணத்தை அறிக்கை படிக்கும் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள்.

5. புது வீடு வாங்கியவர்களுக்கு: ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் கோளாறு தெரிந்தால், கட்டியவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆகவே ஐந்தாம் வருடம் முடிவதற்குள் ஒரு ஆய்வு செய்துவிடுங்கள்.

சொந்தத் தொழில் செய்யும் என் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் கட்டணம் எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். யாராவது குறைக்கச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டி, இதில் எந்த வேலையை விட்டுவிடலாம் என்று அவர்களையே கேளுங்கள். கேட்பது உங்கள் டீச்சராக இருந்தாலும் சரி.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

பின்குறிப்பு: 22 தொட்டியில் 8 தொட்டியைக் கீழே தரையில் வைத்துவிட்டேன். மீதி 14 இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, இரண்டு கறிவேப்பிலை. வேண்டும் என்பவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.